அவள் ஒட்டிய சீட்டு

அலாரம் அடித்தது. நிறுத்தினான். பல் தேய்த்தான். பால் பாக்கெட்டைக் கத்தரித்துப் பாத்திரத்தில் ஊற்றி அடுப்பில் வைத்தான். டம்ளர் இரண்டு எடுத்தான். பால் பொங்கி வரும்வரை செய்ய ஒரு வேலை இருந்தது. போனைச் சர்க்கரை டப்பாவில் சாய்த்து வைத்து, அது காட்டுகிற சீன எழுத்தைச் சமையல் மேடைக் கல்லில் ஈர விரலால் எழுதிப் பார்ப்பான்.

ஒரு வாரமாக ஒரே எழுத்துதான். 瓜. உச்சியில் சின்னதாக ஒரு சாய்கோடு. இடப்பக்கம் வளைந்து இறங்கும் கோடு ஒன்று. நடுவில் நேரே இறங்கி அடியில் சட்டென்று மேலே திரும்பும் கோடு ஒன்று. அந்தத் திருப்பத்தில் ஒரு புள்ளி. வலப்பக்கம் சரிந்து போகும் கோடு ஒன்று. பந்தலும் அதில் தொங்கும் காயுமாகப் பார்த்தால் மனதில் நிற்கும். பூசணி, சுரை, தர்பூசணி, முலாம்பழம் என்று கொடியில் காய்க்கிற வகையறாவுக்கெல்லாம் இதுதான் குடும்பப் பெயர். உச்சரிப்பு குவா.

“குவா,” என்றான். போன் ஏற்கவில்லை. “குவா.”

கூடத்தில் பாயைச் சுருட்டிக்கொண்டிருந்த மாமியார் நிமிர்ந்தாள். “காலங்காத்தால என்ன மாப்பிள, கைக்கொழந்தையாட்டம் குவா குவான்னு.”

“ஆபீஸ் வேல அத்தை.”

“எம் பொண்ணு இருந்தப்ப இப்படிக் கத்தினதில்ல. வாயத் தொறக்காமலே கத்துக்கிட்டா.”

பால் பொங்கியது. அணைத்தான்.

அவன் மனைவி இறந்து நான்கு மாதம் ஆகியிருந்தது. கணவன் மனைவி இருவருக்கும் ஒரே நாற்றுப் பண்ணையில் வேலை. விவசாயிகள் கேட்கிற செடியைக் குழித்தட்டில் வளர்த்து, இரண்டு மூன்று இலை விட்டதும் லாரி ஏற்றி அனுப்புகிற இடம். அனுப்புவது அவன் பொறுப்பு, விதை வரவு அவள் பொறுப்பு. கொடிவகை விதையெல்லாம் ஒரு தரகர் மூலமாகச் சீனாவிலிருந்து வந்தது. வெள்ளித்தாள் பை, படம் கிடையாது. கூட வருகிற காகிதத்தில் எல்லாப் பைக்கும் சேர்த்துக் ‘கொடிவகை விதை’ என்று ஒரே வரி. மீதியெல்லாம் பைமேல் சீனத்தில். போன் காமிராவைக் காட்டினால் மொழிபெயர்க்கும்தான். ஆனால் வெள்ளித்தாளின் கசங்கலில் அது ஒரு பையை ‘மகிழ்ச்சியான இளவரசர்’ என்றது, இன்னொன்றை ‘முதல் காதல், எண் ஆறு’ என்றது. இளவரசரை எந்தப் பசுமைக்குடிலில் விதைக்கிறது என்று முதலாளி கேட்டார். அன்றைக்குத்தான் அவள், நானே கத்துக்கிறேன் சார் என்றாள்.

கற்றுக்கொண்டாள். எழுத்தெழுத்தாகப் படித்து, ஒவ்வொரு பைக்கும் நம் எழுத்தில் ஒரு சீட்டு எழுதி, கீழே தேதி போட்டு ஒட்டினாள்.

அவளுக்குப் பிறகு அந்த மேசையும் அவன் தலையில் விழுந்தது. “ரெண்டு பேரும் காலேஜ் முடிச்சவங்கதானே. அவளால முடிஞ்சது உன்னால முடியாதா,” என்றார் முதலாளி. சரி சார் என்றான். அந்த நான்கு மாதமும் யார் எதைச் சொன்னாலும் சரி என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தான். சரி என்று சொன்னால் பேச்சு சீக்கிரம் முடிகிறது.

ஆஸ்பத்திரிக்கு என்று ஓடிவந்த மாமியார் அப்படியே தங்கிவிட்டாள். போகிறேன் என்று அவளும் சொல்லவில்லை, இருங்கள் என்று இவனும் சொல்லவில்லை. துக்கம் கேட்க வருகிறவர்கள் நின்றுபோன பிறகும், காஸ் சிலிண்டர் போட வருகிறவன் வரைக்கும் யாரையும் விடமாட்டாள். “எம் பொண்ணு சீனபாஷை தானாவே படிச்சவ. அவ ஒட்டின சீட்டு ஒண்ணுகூடத் தப்பினதில்ல.” பெண்ணைப் பற்றிச் சொல்ல வேறு எவ்வளவோ இருந்தது. அவள் கெட்டியாகப் பிடித்துக்கொண்டது இதைத்தான்.

பண்ணை வேனில் அவனுக்கு ஜன்னலோரம். பக்கத்தில் குடில் மேஸ்திரி. எதைக் கேட்டாலும் ஒரு நிமிஷம் என்று சொல்லிவிட்டு அரைமணி கழித்து வருகிறவர் என்பதால் அவருக்கு ஒருநிமிஷம் என்றே பெயர் ஆகிவிட்டது. போனில் புதுப் பாடம் திறந்திருந்தது. குடும்பப் பெயருக்கு முன்னால் இனிஷியல் மாதிரி ஓர் எழுத்து சேர்ந்தால் காயின் பெயர் வந்துவிடும்.

“மேற்கும் குவாவும் சேர்ந்தா தர்பூசணி,” என்று அவருக்குக் காட்டினான். “தெற்கும் குவாவும் சேர்ந்தா பூசணி.”

“கிழக்கும் வடக்கும் என்ன பாவம் பண்ணுச்சு?”

“குளிர்காலம் சேர்ந்தா நீர்ப்பூசணி.”

“காய் எப்படியோ, வெலாசம் சரியா வச்சிருக்கான்.”

அடுத்தது மஞ்சளும் குவாவும். மஞ்சள் என்ற எழுத்து அவனுக்குத் தெரியும். மேலே கொம்பும் கீழே இரண்டு காலுமாக ஏதோ பூச்சி மாதிரி இருக்கும். கீழே நான்கு படங்கள். மஞ்சள்தோல் முலாம்பழம் இரண்டாவதாக இருந்தது. அழுத்தினான். சிவப்பில் பெருக்கல் குறி விழுந்தது. விரல் சரியாகப் படவில்லை என்று மறுபடி அழுத்தினான். மறுபடி சிவப்பு. போன் தானே விடையைக் காட்டியது. பச்சைப் பசேலென்று ஒரு வெள்ளரிக்காய்.

“என்ன தம்பி, மூஞ்சி ஒரு மாதிரி ஆயிடுச்சு.”

“ஒண்ணுமில்லண்ணே. போன் தப்பாக் காட்டுது.”

போன் தப்பாகத்தான் காட்ட வேண்டும் என்று வழி நெடுக வேண்டிக்கொண்டு வந்தான். மூன்றாம் குடில் நிறைய இருந்தது மஞ்சள் முலாம். அவள் சீட்டு ஒட்டிய பையிலிருந்து விதைத்தது. இன்றைக்கு லாரி ஏற வேண்டியது.

வேனிலிருந்து இறங்கி நேரே அங்கே போனான். உள்ளே வெக்கையும் ஈரமும் முகத்தில் அறைந்தன. வெள்ளரியும் முலாமும் ஒன்றுவிட்ட சகோதரர்கள். விதையை உள்ளங்கையில் வைத்துப் பார்த்தால் அடையாளம் தெரியாது. நாற்றிலும் அப்படித்தான், இலையின் ஓரத்தை உற்றுப் பார்க்க வேண்டும். முலாம் இலை உருண்டையாக வரும், வெள்ளரி இலைக்கு முனை கூரும். ஒரு தட்டைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்தான். கூராகத் தெரிந்தது. வேறொரு தட்டைத் தூக்கினான். உருண்டையாகத் தெரிந்தது. திரும்ப முதல் தட்டைப் பார்த்தால் அதுவும் உருண்டை. தட்டை வைத்துவிட்டு விதை வைக்கிற குளிர் அறைக்குப் போனான்.

பை பாதிக்குமேல் காலியாகி மடித்துவைத்திருந்தது. அவள் எப்போதும் சீன எழுத்தின்மேல் சீட்டை ஒட்டமாட்டாள், பக்கத்தில்தான் ஒட்டுவாள், யாராவது சரிபார்த்துக்கொள்ளட்டும் என்று. யாரும் பார்த்ததில்லை. ‘மஞ்சள் முலாம்’ என்று அச்சில் வார்த்த மாதிரி எழுதியிருந்தாள். அதற்கு வலப்பக்கம் பையின் மூலையில், பொடிசாக, காலையில் போனில் பார்த்த அதே இரண்டு எழுத்து. பந்தலும் காயும் அவனுக்கு இப்போது நன்றாகவே தெரிந்தன. ஒரு வாரம் முன்பு வரைக்கும் வெறும் கீறல்.

படம் எடுத்தான். ஆபீஸ் போனில் சீன விதைக்கம்பெனிப் பெண் ஒருத்தியின் எண் இருந்தது. எப்போதாவது அவளிடம் மனைவி எதையாவது கேட்பாள். படத்தை அனுப்பி, இது என்ன காய் என்று ஆங்கிலத்தில் ஒரு வரி எழுதினான். ஒற்றை டிக் விழுந்தது. அங்கே விடிந்து வெகுநேரம் ஆகியிருக்கும். பார்க்கலாம், பார்க்காமலும் இருக்கலாம்.

வெளியே லாரி வந்து நின்றது. டிரைவர் இறங்கிச் சோம்பல் முறித்தார். “என்ன சாரே, கட்டளை இடுங்க. ஏத்தலாமா?”

“கொஞ்சம் இருங்க.”

“எனக்கென்ன, இருக்கேன். உங்க ஒருநிமிஷம் ஏற்கெனவே ஏத்த ஆரம்பிச்சுட்டார். ஜென்மத்துல முதல் தடவையா சொன்ன நேரத்துக்கு வேல நடக்குது, நீங்க கெடுக்கறீங்க.”

உண்மைதான். தட்டுகள் கைமாறி லாரிக்குள் அடுக்காகிக்கொண்டிருந்தன. அவன் மேஸ்திரியை ஓரமாகக் கூப்பிட்டான்.

“அண்ணே, இந்த இலையப் பாத்து உங்களுக்கு எதுவும் தோணலயா?”

அவர் கையிலிருந்த தட்டைக் கீழே வைத்தார். “போன வாரம் தோணுச்சு. கொஞ்சம் கூரா இருக்கேன்னு. அப்புறம் புது ரகம், இப்படித்தான் வருமோ என்னமோன்னு விட்டுட்டேன். அந்தப் பொண்ணு ஒட்டின சீட்டு தம்பி. போன பொண்ணு சீட்ட நான் என்னன்னு சந்தேகப்படறது?”

அவன் சட்டைப்பையில் போன் அதிர்ந்தது. எடுத்தால் கம்பெனி இல்லை. நாற்றுக்குச் சொல்லியிருந்த விவசாயி.

“லாரி கெளம்பிடுச்சா தம்பி? குழி போட்டு, தண்ணி விட்டு, ஆளையும் உக்கார வச்சிருக்கேன்.”

“கெளம்பிடும்ங்க.”

“பாத்து நல்ல செடியா அனுப்பு. போன வருஷம் வெள்ளரி போட்டு, வாங்க நாதியில்லாம மாட்டுக்குக் கொட்டினேன். மாடே கடைசியில மூஞ்சத் திருப்பிக்கிச்சு. அதான் முலாமுக்கு மாறினேன். இந்தத் தடவையாவது தலை தூக்கணும்.”

சரி என்றான். முதல் தடவையாக, அந்தச் சரியோடு பேச்சு முடிந்த மாதிரி இல்லை.

குளிர் அறையிலிருந்து பையை எடுத்துவந்து, விதை வரவு மேசையில் அவள் நாற்காலியில் உட்கார்ந்தான். ஒற்றை டிக் இரட்டை டிக் ஆகியிருந்தது. நீலமாகவில்லை. பை மேசைமேல் கிடந்தது. சீட்டின் ஓரம் லேசாகத் தூக்கியிருந்தது. நகத்தால் நெம்பினால் கையோடு வந்துவிடும். தரகர் தப்பான சரக்கு அனுப்பிவிட்டார் என்று சொன்னால் எல்லோரும் நம்புவார்கள், தரகரைத் தவிர. இல்லாவிட்டால் நான்தான் ஒட்டினேன் என்று சொல்லலாம். ஆனால் அந்தக் கையெழுத்து பண்ணைக்கே தெரியும், அவன் எழுத்து கோழி கிளறியது போலிருக்கும். இரண்டும் வேண்டாம், லாரி போகட்டும். காய் தொங்கும்போது அதைப் பார்த்துக்கொள்ளலாம். அதற்குள் எவ்வளவோ நடக்கும்.

நகம் சீட்டின் ஓரத்தில்தான் இருந்தது. டிக் நீலமானது.

அந்தப் பக்கத்திலிருந்து எழுத்து ஏதும் வரவில்லை. ஒரு படம் வந்தது. சந்தையில் குவித்துவைத்த வெள்ளரிக்காய், மேலே தண்ணீர் தெளித்து. அதன் கீழே, சற்றுப் பொறுத்து ஒரு வரி வந்தது. முன்பெல்லாம் கேட்கிற பெண்ணைக் காணோமே, நலம்தானே.

போனைக் கவிழ்த்து வைத்தான். பையை எடுத்துக்கொண்டு முதலாளி அறைக்குப் போனான்.

“சார், லாரிய நிறுத்தணும்.”

“ஏன், டயர் போச்சா?”

“அது முலாம் இல்ல சார். வெள்ளரி.”

முதலாளி சிரித்தார். “தூங்கி எந்திரிச்சு நேரா வந்தியா? சீட்டப் பாரு.”

“பாத்தேன் சார். சீட்டு தப்பு.”

“அவ ஒட்டினதுப்பா அது.”

“ஆமா சார். அவதான் தப்பா ஒட்டிருக்கா.”

முதலாளி பையை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அவருக்கு அதில் ஒன்றும் புரியாது. இருந்தாலும் பார்த்தார். பிறகு எட்டி ஜன்னல் வழியாக, ஏத்தினத எறக்குங்கடா என்று குரல் கொடுத்தார். உட்கார்ந்ததும் அவர் குரல் தணிந்துவிட்டது.

“கடைசியில தலைவலி தலைவலின்னு சொல்லிட்டிருந்தா. அப்ப ஒட்டினதா இருக்கும். பாவம், எழுத்தே மங்கலாத் தெரிஞ்சிருக்கும். விடு.”

நல்ல மனதோடுதான் அந்தக் காரணத்தை நீட்டினார். கையை நீட்டி வாங்கிக்கொண்டால் போதும். வீட்டிலும் இதையே சொல்லலாம், மாமியாரும் வாங்கிக்கொள்வாள். அவன் சீட்டின் அடியில் இருந்த தேதியைப் பார்த்தான்.

“இல்ல சார். இது அதுக்கு ரெண்டு மாசம் முன்னாடி. அப்ப நல்லாத்தான் இருந்தா.”

“பின்ன எப்படி?”

“மஞ்சள்னு படிச்சா. குவான்னு படிச்சா. மஞ்சள் முலாம் ஆர்டர் வேற இருந்துச்சு, அதுதான்னு முடிவு பண்ணிட்டா. யார்கிட்டயும் கேக்கல. நானும் காலைல அதேதான் பண்ணினேன், போன் தப்புன்னு சொல்லுச்சு. அவளுக்கு யாரும் சொல்லல.”

முதலாளி அவன் பயந்துகொண்டிருந்த கேள்வியைக் கேட்டார். “அப்ப அவ ஒட்டின மத்த பையெல்லாம்?”

“எல்லாத்தையும் பாக்கணும் சார்.”

விவசாயிக்கு அவனே போன் பண்ணினான். அவர் முதலில் அவனை, அடுத்துப் பண்ணையை, அடுத்துத் தன் தலையெழுத்தைத் திட்டினார். திட்டி முடித்ததும், “மறுபடியும் வெள்ளரியா. நல்லவேள சொன்னப்பா,” என்றார். புது விதை போட்டுச் செடி வரும்வரைக்கும் அவர் காத்திருக்க வேண்டும். காத்திருக்கிறேன் என்றார், வேறென்ன செய்வது.

மீதி நாள் முழுக்கக் குளிர் அறையில், ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு. பையை எடுப்பான், எழுத்தைப் போனில் தேடுவான், சீட்டோடு ஒத்துப்பார்ப்பான். தர்பூசணி சரி. பீர்க்கு சரி. பாகல் சரி. சாயங்காலத்துக்குள் பாதிப் பை முடிந்தது, எதிலும் தப்பில்லை. அது ஆறுதலாக இல்லை. இத்தனை சரியாகச் செய்தவளைப் பற்றி இனிமேல் அந்த ஒன்றைத்தான் பேசுவார்கள். ஒவ்வொரு பையிலும் அவள் கையெழுத்தைப் படிக்க வேண்டியிருந்தது. நான்கு மாதமாக அதைப் பார்க்காமல் இருக்க அவன் வேறு வழியாகச் சுற்றிக்கொண்டு போய்வந்தவன்.

திரும்பும் வேனில் இறங்குகிற இடம் நெருங்கியபோது மேஸ்திரி வாயைத் திறந்தார். “லாரிய நிறுத்தினது சரி தம்பி. யார் ஒட்டினதுன்னும் சேத்துச் சொல்லணுமா? என் வீட்டுக்காரி கேட்டதுக்கே வருத்தப்பட்டா.”

“அக்காகிட்டச் சொல்லிட்டீங்களா?”

“மத்தியானமே போன்ல சொன்னேன். ஏன்?”

அவர் மனைவியும் மாமியாரும் தினமும் பேசிக்கொள்கிறவர்கள். வீடுவரை நடக்கிற தூரம் கொஞ்சம்தான். அதற்குள் என்னென்ன சொல்லலாம் என்று யோசித்துப் பார்த்தான். ஒன்றும் நிற்கவில்லை.

கதவு திறந்தே இருந்தது. கூடத்தில் மாமியாரின் பை வாயைப் பிளந்துகொண்டு நடுவில் உட்கார்ந்திருந்தது. அவள் புடவைகளை ஒவ்வொன்றாக மடித்து அதில் வைத்துக்கொண்டிருந்தாள். வந்துட்டீங்களா என்று கேட்கவில்லை.

“காலைல பஸ்ஸுக்குப் போறேன்.”

“அத்தை.”

“பால் வாங்கி வச்சிருக்கேன். ஒரு டம்ளருக்கு எவ்வளவோ அவ்வளவு காச்சுங்க போதும்.”

அவன் சுவரோரமாக உட்கார்ந்தான். “அது தப்புதான் அத்தை. அவ செஞ்ச தப்பு.”

“இருந்துட்டுப் போகட்டுமே. அவ என்ன சாமியா, தப்பே பண்ணாம இருக்க? வெளில சொல்லணுமா? செத்தவ எந்திரிச்சு வந்து பதில் சொல்லமாட்டாங்குற தைரியம். ஒரு லாரி வெள்ளரிக்கு எம் பொண்ணு பேரு போச்சு.”

“போன வருஷமும் அந்த ஆளு வெள்ளரி போட்டு நொந்தவரு.”

“நானும்தான் நொந்தவ.”

அவள் ஒரு புடவையை மடித்தாள், சரியாக வரவில்லை என்று உதறி மறுபடி மடித்தாள். அவனுக்கு அந்தப் பையின் ஜிப்பைப் பார்க்கப் பயமாக இருந்தது. அதை இழுத்து மூடினால், இறந்தவளைப் பற்றிப் பேச இந்த வீட்டில் யாரும் இருக்கமாட்டார்கள்.

“அவ இருந்திருந்தா இன்னிக்கு என்ன பண்ணிருப்பா,” என்றாள் மாமியார், புடவையைப் பார்த்தபடியே. கேள்வி மாதிரி இல்லை.

“மொதல்ல என்னக் கத்துவா. நீ ஏன் முன்னாடியே பாக்கலன்னு. அப்புறம் எல்லாப் பையையும் எறக்கிப் போட்டு அவளே பாத்திருப்பா.”

“ஆமா. கத்துவா.” அவள் உதடு ஒரு பக்கம் இழுத்தது. “சின்னதுலேருந்து அப்படித்தான். அவ பண்ற தப்புக்கும் நம்மளத்தான் கத்துவா.”

மடித்த புடவை மடியிலேயே கிடந்தது.

“மாப்பிள. வரவங்க போறவங்ககிட்டல்லாம் நான் ஒண்ணு சொல்றேன். கடைசியா, எங்க அம்மாவப் பாத்துக்கங்கன்னு சொல்லிட்டுத்தான் எம் பொண்ணு கண்ண மூடினான்னு. நீங்க பக்கத்துல நின்னு கேட்டிருக்கீங்க. ஒரு தடவகூட இல்லன்னு சொன்னதில்ல.”

“சொல்லலை.”

“நான் ஆஸ்பத்திரிக்கு வந்தப்பவே அவளுக்குப் பேச்சில்ல. அது நானாக் கட்டினதுன்னு எனக்குத் தெரியாதா.” அவள் இப்போதுதான் அவன் முகத்தைப் பார்த்தாள். “இன்னிக்குத்தான் நெசம் பேசக் கெளம்பிட்டீங்களே. இதையும் சொல்லுங்க. கடைசியா என்ன சொன்னா?”

அவள் விழுந்த அன்று காலை அவனுக்கு முதல் வேன், அவளுக்கு அடுத்த வேன். அவன் கிளம்பிப் போனான். அவள் தெருமுனையில் வேனுக்காக நின்றபடியே சரிந்தாள். அதற்குப் பிறகு பேச்சு வரவில்லை. அவன் கிளம்பும்போது அவள் சொன்னதுதான் கடைசி. பெற்றவளுக்கு எடுத்துக் கொடுக்கிற மாதிரி அதில் ஒன்றும் இல்லை. அதனால் யாருக்கும் சொன்னதில்லை. பொய்யாக வேறொன்று சொல்லலாம், எளிதாக வரும். அம்மாவுக்குப் போன் பண்ணணும் என்றாள் என்று சொன்னால் இந்தப் பை காலியாகிவிடும்.

“நான் வாசல்ல செருப்பு மாட்டிட்டிருந்தேன் அத்தை. அவ ரூமுக்குள்ளேருந்து சொன்னா. முகத்தக்கூடப் பாக்கல.”

“ம்.”

“கோவமாத்தான் சொன்னா.”

“சொல்லுங்க.”

“ஈரத் துண்டக் கட்டில்மேல போடாதேன்னு உனக்கு எத்தன தடவதான் சொல்றது.”